சோகநாசினிக் கரையில் ஒரு தமிழ்த் துறை

பாலக்காட்டுக்குத் தென்கிழக்கே, சோகநாசினி ஆற்றின் கரையில் அமைந்த ஊர் சித்தூர். ஆந்திரத்துச் சித்தூரோடு இதனைக் குழப்பிக் கொள்ளலாகாது. மலையாள மொழியின் தந்தையெனப் போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதி நாட்களை இவ்வூரில்தான் கழித்தார் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அவர் நினைவாக விளங்கும் குருமடத்தை இன்றும் மலையாள மக்கள் தேடி வந்து வணங்குகின்றனர். அத்தகைய ஊரில் உள்ள அரசினர் கல்லூரியில் தமிழுக்கென ஒரு துறை நடந்து வருகிறது. அங்கே தமிழை முதன்மைப் பாடமாகக் கொண்டு இளங்கலையும் முதுகலையும் பயிலலாம். தாய்நாட்டெல்லைக்கு அப்பால் வாழும் நம்மவர்க்கு இக்கல்லூரியின் வரலாறு தனிப்பட்ட முறையில் பயன்படத்தக்கது.

அன்றைய நிலப்படத்தை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. அதற்கு அடுத்திருந்த சித்தூரோ கொச்சி மன்னரின் ஆட்சிக்குட்பட்டது. கொச்சி சமஸ்தானத்தினின்று பிரிந்து, ஒரு தீவைப்போல் தனித்துக் கிடந்த நிலப்பகுதி அது. கிழக்கே சில மைல் தொலைவில் கோயமுத்தூர் ஜில்லா. ஆட்சி மூன்றாயினும் சந்தை ஒன்று. கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் வயல்வெளிப் பேச்சு தமிழாகவே இருந்தது. இச்சூழலில் 1947-ஆம் ஆண்டு சித்தூர்க் கல்லூரி தோன்றியது. கொச்சி அரசின் கல்லூரிகள் அந்நாளில் சென்னைப் பல்கலைக் கழகத்தோடு இணைந்திருந்தன.

பாலக்காட்டில் அதற்கு வெகு காலம் முன்பே உயர்கல்வி வேரூன்றிவிட்டது. 1866-ல் பள்ளிக்கூடமாகத் தொடங்கி 1888-ல் இரண்டாந்தரக் கல்லூரியாக உயர்ந்தது விக்டோரியாக் கல்லூரி. மலையாள எழுத்தாளர் எம். டி. வாசுதேவன் நாயர் அங்கு இரசாயனம் படித்தவர். பின்னாளில் தலைமைத் தேர்தல் ஆணையராகிய டி. என். சேஷன் அங்கு இன்டர்மீடியட் பயின்றார். தமிழ் பேசும் அக்கிரகாரக் குடும்பத்துப் பிள்ளையும் மலையாள வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்ந்து, சென்னைப் பல்கலைக் கழகத்தின் ஒரே தேர்வை எழுதிய காலம் அது. அன்று எவரும் அங்கே ‘சிறுபான்மையினர்’ அல்லர்.

1956 நவம்பர் முதல் நாள் அந்நிலை மாறிற்று. ராஜ்யங்கள் மொழிவழியாகப் புனரமைக்கப்பட்டன. மலபாரும் சித்தூரும் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் அமைந்தன. 1957-ல் கேரளப் பல்கலைக் கழகமும், 1968-ல் கள்ளிக்கோட்டைப் பல்கலைக் கழகமும் உருவாயின. சித்தூர்க் கல்லூரி இன்று பின்னதைச் சார்ந்தது. கல்லூரியின் சுவர்கள் இடம் பெயரவில்லை. அவற்றைச் சுற்றியிருந்த எல்லைகள் பெயர்ந்தன. நேற்றுவரை சென்னையை நோக்கியிருந்த தமிழ் மாணவன், ஓர் இரவில் மொழிச் சிறுபான்மையினன் ஆனான்.

அவனுக்குச் சட்டம் தந்த காப்பு யாது? அவ்வாண்டே நிறைவேறிய ஏழாவது திருத்தத்தின் வழியே அரசியலமைப்பில் 350-ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் கல்வி அளிக்கப் போதிய வசதி செய்ய முயல வேண்டுமென ராஜ்யங்களுக்கு அது கூறுகிறது. ஆனால் எந்நிலைக் கல்விக்கு? தொடக்க நிலைக்கு மட்டுமே. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எமக்கு, ஒற்றைச் சொல் ஓர் ஏற்பாட்டின் அகலத்தை எப்படி அளந்து விடுகிறது என்பது நாள்தோறும் தெரியும் செய்தி. உயர்நிலைப் பள்ளி, கல்லூரி, பல்கலைக் கழகம் ஆகிய எதுவும் அச்சொல்லுக்குள் அடங்கவில்லை. 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழரும் கன்னடியரும் தத்தம் மொழியில் அரசினரோடு எழுத்துப் போக்குவரத்து நடத்த இடந்தந்தது, நல்ல ஏற்பாடுதான். எனினும் மனு எழுதும் உரிமை வேறு, பட்டப் படிப்பு வேறு.

தில்லியில் வாழும் நம்மவர் வேறு வழி கண்டனர். 1923-ல் அரசு ஊழியரின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய முயற்சி, தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்து இன்று ஏழு பள்ளிகளை நடத்துகிறது. அது சொந்தக் கைப்பொருளாலும் உழைப்பாலும் எழுந்தது. சித்தூரிலோ பிற மொழி ராஜ்யத்தின் அரசாங்கமே, சட்டக் கட்டாயம் ஏதுமின்றித் தமிழ்ப் பேராசிரியருக்குச் சம்பளம் கொடுத்து வருகிறது. இதனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

அத்துறை நிலைத்திருப்பதன் இரகசியம் இலக்கிய ஆர்வம் மட்டுமன்று. பாலக்காட்டின் கிழக்கெல்லையிலும் இடுக்கியின் தேயிலை மலைகளிலும் தமிழ்வழி அரசுப் பள்ளிகள் உள்ளன. அப்பள்ளிகளுக்குத் தமிழாசிரியர் தேவை. கேரளத் தேர்வாணையம் அவர்களைத் தனியே தேர்ந்தெடுக்கிறது. ஆகவே தமிழ்ப் பட்டத்துக்கு உத்தியோகப் பயன் உண்டு. பள்ளி மாணவனை அனுப்புகிறது; கல்லூரி அவனை ஆசிரியனாக்கித் திருப்பி அனுப்புகிறது. கேணியும் வாய்க்காலும் போன்ற உறவு இது. பெற்றோர் ஆங்கிலப் பள்ளியை நாடி ஒரு தமிழ் வகுப்பு மூடப்படுமாயின், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துச் சித்தூரில் பெஞ்சுகள் காலியாகும். பெற்றோரைக் குறை கூற எமக்கு நாவெழவில்லை; நம் வீட்டுக் குழந்தைகளும் அப்பள்ளிகளிலேதான் படிக்கின்றனர்.

அக்கல்லூரியின் மற்றொரு சிறப்பு, தமிழோடு இசையும் அங்கே பட்டப் பாடமாக இருப்பது. செம்பை வைத்தியநாத பாகவதரும் மிருதங்கம் மணி ஐயரும் தோன்றிய சீமையில் இது பொருத்தமே. பூகோளமும் அங்குள்ளது, அதற்கு ஜன்னலுக்கு வெளியிலேயே பாடம் ஓடுகிறது. சோகநாசினிக்கு நீர் தருவன ஆனைமலைப் பக்கத்து ஆறுகள். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்துக்கு மணக்கடவு வழியே வரவேண்டும். வேனிலில் அதைப் பற்றி வழக்குத் தோன்றாத ஆண்டு அரிது. தகராறுக்குரிய அதே நீரைக் குடித்துத்தான் இரு மொழி மாணவரும் அங்கே படிக்கிறார்கள்!

கேரளத்தில் தமிழ்க் கல்வியின் விளைவை அறிய விரும்புவோர் திருவனந்தபுரத்தையும் நோக்க வேண்டும். அங்குள்ள பல்கலைக் கழகத் தமிழ்த் துறையில் வையாபுரிப் பிள்ளை பணியாற்றினார். அங்கேயே தமிழும் மொழியியலும் கற்பித்த வ. அய். சுப்பிரமணியம், 1981-ல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக் கழகம் தோன்றியபோது அதன் முதல் துணைவேந்தரானார். கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குக் கிடைத்த கொடை அது.

இடுக்கியின் நிலைமை கடினமானது. கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை பயிரிட்ட நாள் முதல் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கின்றனர். மூணாற்றில் அரசினர் கலைக் கல்லூரி அவர்களுக்குக் கிட்டியது. ஆனால் 2018 ஆகஸ்டு மாதப் பெருமழையில் மலைச்சரிவு அதன் கட்டிடங்களைச் சிதைத்தது. மூணாற்று மாணவி ஒருத்தி தமிழ் பயிலச் சித்தூருக்கு வரவேண்டுமானால், மறையூரையும் சின்னாற்றையும் கடந்து உடுமலைப்பேட்டையில் இறங்கி, பொள்ளாச்சி வழியாக மீண்டும் கேரளத்துள் நுழைவது ஒரு வழி. தன் சொந்த ராஜ்யத்துக் கல்லூரியை அடையத் தமிழ்நாட்டின் குறுக்கே பயணம் செய்து, எல்லையை இருமுறை தாண்டுகிறாள் அவள்.