தனியார் சர்வதேசச் சட்டம்: மாத்தளை மாவட்டம்

தனியார் சர்வதேசச் சட்டம் என்பது, குடும்பம், சொத்து, ஒப்பந்தம் பற்றிய வழக்கொன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட சட்டங்கள் குறுக்கிடும்போது, எந்த நீதிமன்றம் விசாரிக்கலாம், எந்தச் சட்டம் பொருந்தும், வேற்றுநாட்டுத் தீர்ப்புக்கு என்ன மதிப்பு என்பவற்றை வரையறுக்கும் துறை. ‘சட்ட முரண்பாடு’ என்ற பெயரும் இதற்கு உண்டு. இலங்கையில் இம்முரண்பாடு நாட்டுக்குள்ளேயே எழுகிறது. மத்திய மாகாணத்தின் மாத்தளை மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டாருக்கே வாரிசுரிமைச் சட்டம் வேறுபடலாம்.

வரலாறு

மாத்தளை, கண்டி இராச்சியத்தின் ஒரு பகுதியாக இருந்தது. 1815 மார்ச் 2 அன்று கைச்சாத்தான கண்டி உடன்படிக்கை, மலைநாட்டாரின் சட்டங்களையும் வழக்கங்களையும் காப்பதாக உறுதியளித்தது. கரையோரத்தில் உரோமன் டச்சுச் சட்டம் நிலைத்திருந்தது. கண்டியச் சட்டம் மௌனமாக இருக்கும் இடங்களில் கரையோரச் சட்டத்தையே பின்பற்ற வேண்டும் என்று 1852 இன் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது.

கோப்பிப் பயிர்ச்செய்கை பரவியபோது, தமிழகத்துத் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்தே மாத்தளையை அடைந்தனர். பலர் வழியிலேயே மாண்டனர். கரையோரச் சிங்களவரும் வணிகரும் வந்து குடியேற, ஒரே ஊரில் பல சட்டங்கள் சந்தித்தன.

யாருக்கு எந்தச் சட்டம்

கண்டியச் சட்டம் ஆள்சார் சட்டம். கண்டியச் சிங்களவரை மட்டுமே கட்டுப்படுத்தும். மாத்தளையில் வசிப்பதால் மட்டும் ஒருவர் அதற்குள் வந்துவிட மாட்டார். அச்சட்டத்தில் மனைவி கணவன் வீடு செல்வது ‘தீக’ மணம். கணவன் மனைவி வீட்டில் வந்து வாழ்வது ‘பின்ன’ மணம். தீக மணம் செய்த மகள் தந்தையின் பரம்பரைக் காணியில் பொதுவாகப் பங்கிழப்பாள். பின்ன மணத்தில் பங்கு நிலைக்கும்.

முஸ்லிம்களின் விருப்பாவணமற்ற வாரிசுரிமை 1931 இன் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழி தீரும். தேசவழமை என்னும் வழக்காற்றுச் சட்டம் வட மாகாணத் தமிழருக்கு உரியது. ஆயினும் மாத்தளையில் நிலைத்துவிட்ட ஒருவர் யாழ்ப்பாணத்துப் பங்குக் காணியை விற்கும்போது, அங்குள்ள பங்காளிகளின் முற்கொள்வனவு உரிமையை மதித்தாக வேண்டும். தோட்டத் தமிழருக்கு நாட்டின் பொதுச் சட்டமே பொருந்தும்.

அடிப்படை விதிகள்

அசையாச் சொத்துக்கு அது அமைந்த இடத்தின் சட்டம். அசையும் சொத்தின் வாரிசுரிமைக்கு இறந்தவரின் நிரந்தர வதிவிடச் சட்டம். திருமணச் சடங்கு முறைக்கு அது நடந்த இடத்தின் சட்டம். நிரந்தர வதிவிடம் என்பது ஒருவர் தம் நிலையான இல்லமாகக் கொண்ட நாடு.

இத்துறையின் உலகப் புகழ்பெற்ற வழக்குகளில் ஒன்று இலங்கையிலிருந்து எழுந்தது. லெ மெசூரியர் வழக்கில் 1895 இல் பிரிவிக் கவுன்சில், மணவிலக்கு வழங்கும் அதிகாரம் தம்பதியின் நிரந்தர வதிவிட நாட்டு நீதிமன்றத்துக்கே உண்டு என்றது. இங்கிலாந்தில் இவ்விதி 1973 வரை செல்வாக்குடன் இருந்தது. வழக்காளி லெ மெசூரியர் ஒரு சிவில் சேவை அதிகாரி; அவர்தான் பானபொக்க என்பவருடன் இணைந்து கண்டியச் சட்டநூலான ‘நீதி நிகண்டுவ’வை 1880 இல் ஆங்கிலத்தில் பெயர்த்தவர்.

பிரஜாவுரிமையும் வதிவிடமும்

1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்றன. இந்த எண்களுக்குள் பிரிக்கப்பட்ட குடும்பங்கள் இருந்தன. நாடற்ற நிலையை முடிக்க வந்த சட்டங்களில் 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம் முக்கியமானது.

இங்கேதான் வதிவிடக் கோட்பாட்டின் மனிதப் பெறுமதி தெரிகிறது. பிரஜாவுரிமை மறுக்கப்பட்டவருக்கும் வதிவிடம் உண்டு. அதனால் அவருடைய மணமும் பிள்ளைகளின் உரிமையும் சட்டமின்றி அந்தரத்தில் நிற்பதில்லை. இலங்கையின் பொதுச் சட்டத்தில் பதிவில்லாத வழக்காற்றுத் திருமணமும் செல்லும். இந்தியாவின் 1955 இந்து திருமணச் சட்டமும் பதிவின்மையால் மணத்தைச் செல்லாததாக்குவதில்லை. தாயகம் திரும்பியோருக்கு இந்த ஒற்றுமை பெருந்துணை.

இன்றைய நடைமுறை

வெளிநாட்டில் தொழில்புரிவோர் அற்றோர்னித் தத்துவம் வழியாக ஊர்க்காணியைக் கையாளுகின்றனர். எல்லை தாண்டிக் கொண்டுசெல்லப்பட்ட பிள்ளைகளை மீட்க 2001 இன் 10 ஆம் இலக்கச் சட்டம் உதவுகிறது. வதிவிடம் பற்றித் தகராறு எழும்போது, ஒருவர் எங்கே வேரூன்றினார் என்பதற்குச் சான்று தேவை. பிறப்புப் பதிவு, மணப்பதிவு, காணி உறுதி, தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப்பதிவேடு) போன்றவை அப்போது பேசும். தலைமுறைகளாக உழைத்த மண்ணில் காணி உறுதி இல்லாத லயக் குடும்பத்துக்கு, பழைய செக்ரோலில் உள்ள ஒரு பெயரே அவ்வேரின் சான்றாகலாம்.