நீதிமன்றில் உளவியல் அறிக்கை: தெளிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒருவர் புரிந்த செயலை ஆராய்வது சட்டத்தின் பணி; அச்செயலுக்குப் பின்னாலிருந்த உள்ளத்தை ஆராய்வது உளவியலின் பணி. இவ்விரு துறைகளும் சந்திக்கும் இடம் நீதிமன்றாகும். அங்கு சமர்ப்பிக்கப்படும் உளவியல் அறிக்கை வைத்தியசாலைக் குறிப்பினின்றும் வேறானது. வைத்தியசாலைக் குறிப்பை வாசிப்பவர் மற்றுமொரு வைத்தியர். நீதிமன்ற அறிக்கையை வாசிப்போர் நீதிபதி, சட்டத்தரணிகள், யூரர் ஆகியோர். உளவியல் பயிலாத இவர்களே எதிரியின் கதியை நிர்ணயிக்கின்றனர். எனவே அறிக்கையின் தெளிவு நடையழகு பற்றிய பிரச்சினையாக மட்டும் அமைந்துவிடாது, தீர்ப்பளிப்பவர் யார் என்னும் பிரச்சினையாகவும் அமைகின்றது. இவ்வுண்மை சட்ட உலகிற் படிப்படியாக உணரப்பட்டவாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1843 ஆம் ஆண்டு சனவரி 20 ஆந் திகதி இலண்டன் மாநகரில் டானியல் மக்நோட்டன் என்பவன் எட்வேட் டிரமண்ட் என்பவரைச் சுட்டான். டிரமண்ட் பிரதமர் சேர் றொபேட் பீலின் அந்தரங்கச் செயலாளர். அவரைப் பிரதமரெனவே மக்நோட்டன் கருதியிருந்தான். தோரிக் கட்சியினர் தன்னைத் தொடர்ந்து துன்புறுத்துகின்றனர் என்பது அவனது நம்பிக்கை. சில நாட்களில் டிரமண்ட் இறந்தார். விசாரணையில் வைத்தியர் பலர் சாட்சியமளித்தனர். அவர்களுள் ஒருவரான போர்ப்ஸ் வின்ஸ்லோ எதிரியைப் பரிசோதித்தவரல்லர்; மன்றில் அமர்ந்து பிறர் சாட்சியத்தைக் கேட்டே தம் கருத்தை உரைத்தார். வைத்தியர்கள் ஒருமுகமாகக் கூறிய பின்னர் யூரர் ஆராய்வதற்கு எஞ்சியது சிறிதே. சித்த சுவாதீனமின்மை காரணமாக அவன் குற்றவாளியல்லன் எனத் தீர்ப்பாயிற்று.

இத்தீர்ப்புக்கெதிராகக் கண்டனம் எழவே, பிரபுக்கள் சபை நீதிபதிகளிடம் வினாக்கள் தொடுத்தது. அவர்கள் அளித்த விடைகளே மக்நோட்டன் விதிகள் எனப் பெயர்பெற்றன. தன் செயலின் தன்மையை எதிரி அறிந்திருந்தானா, அது தவறானதென அறிந்திருந்தானா என்பனவே அவ்விதிகள் எழுப்பும் வினாக்கள். அதே சிந்தனை 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையின் 84 ஆம் பிரிவிலும், 1883 ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 77 ஆம் பிரிவிலும் இடம்பெற்றது. இவ்விதிகள் அறிவு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டமையால், உள்ளத்தின் ஏனைய கூறுகளைப் பற்றிப் பேசத் தமக்கு இடமில்லை என உளமருத்துவர்கள் நெடுங்காலம் குறைகூறி வந்தனர்.

அக்குறையைப் போக்க முனைந்தது ஐக்கிய அமெரிக்காவின் கொலம்பியா மாவட்ட மேன்முறையீட்டு நீதிமன்று. 1954 ஆம் ஆண்டில் டர்ஹம் வழக்கில் நீதியரசர் டேவிட் பசலன் புதிய விதியொன்றை வகுத்தார். குற்றச்செயல் உளநோயின் அல்லது உளக்குறைபாட்டின் விளைவாயின் எதிரிக்குக் குற்றப் பொறுப்பில்லை என்பது அவ்விதி. நிபுணர்கள் தாம் அறிந்த அனைத்தையும் தடையின்றி யூரருக்கு எடுத்துரைக்க வேண்டுமென்பதே பசலனின் எதிர்பார்ப்பாகும்.

ஆயின், நிகழ்ந்ததோ அதற்கு மாறானது. நிபுணர்கள் நோயின் பெயரைக் கூறினர். குற்றம் அந்நோயின் விளைவே என்றனர், அல்லது அன்று என்றனர். இடைப்பட்ட விளக்கம் யூரருக்குக் கிட்டவில்லை. இதன் ஆபத்தை 1957 ஆம் ஆண்டில் நிகழ்ந்த மாற்றமொன்று வெளிப்படுத்திற்று. சமூகவிரோத ஆளுமை உளநோயன்று எனச் சென் எலிசபெத் மருத்துவமனையினர் சாட்சியமளித்து வந்தனர். பின்னர் அம்மருத்துவமனை தன் வகைப்பாட்டை மாற்றி, அதனை உளநோயாகக் கருதத் தொடங்கிற்று. மாற்றத்துக்குச் சிறிது முன்னர் குற்றவாளியாகக் காணப்பட்ட ஒருவருக்கு 1959 இல் மறுவிசாரணை வழங்கவேண்டியதாயிற்று. எதிரியின் உள்ளம் மாறவில்லை. அதற்கு இடப்பட்ட பெயரின் வகையே மாறிற்று. பெயரொன்றின் மீது தீர்ப்புத் தங்கியிருக்குமாயின், தீர்ப்பளிப்பது யூரரா, மருத்துவமனையா என்னும் ஐயம் எழுவது இயல்பே.

1962 ஆம் ஆண்டில் அந்நீதிமன்று இரு தீர்ப்புகளை வழங்கியது. மக்டொனால்ட் வழக்கில், உளநோய் என்னும் சொல்லுக்குச் சட்டம் தனக்கெனப் பொருள் வகுத்துக்கொண்டது. ஜென்கின்ஸ் வழக்கில், மருத்துவப் பட்டம் இல்லாத காரணத்தால் மட்டும் உளவியலறிஞரின் சாட்சியத்தை ஒதுக்கலாகாது எனக் கூறப்பட்டது. இதனால் உளவியலறிஞரும் நீதிமன்றிற்கு எழுதும் பொறுப்பை ஏற்கும் வழி விரிந்தது.

தெளிவின் வரலாற்றில் மிக முக்கியமானது 1967 ஆம் ஆண்டின் வொஷிங்டன் வழக்காகும். அவ்வழக்கின் சாட்சியங்களைப் பரிசீலித்த பசலன், அவை கலைச்சொற்களாலும் வெறும் முடிபுகளாலும் நிரம்பியிருந்ததைக் கண்டார். எனவே நிபுணர் ஒவ்வொருவருக்கும் வழங்கவேண்டிய விளக்கவுரையொன்றைத் தீர்ப்புடன் இணைத்தார். நோய்ப்பெயரை மட்டும் கூறுவது போதாது. எதிரியை எவ்வாறு பரிசோதித்தார், எவற்றைக் கண்டார், அவற்றிலிருந்து முடிபுக்கு எவ்வாறு வந்தார் என்பனவற்றை நிபுணர் விளக்குதல் வேண்டும். குற்றம் நோயின் விளைவா என்பதை அவர் கூறலாகாது, அது யூரருக்குரியது. தம் உறவினர் ஒருவரை மருத்துவரிடம் அழைத்துவரும் குடும்பத்தார்க்கு, அவரது உளநிலையையும் அது அவரது நடத்தையை எவ்வாறு பாதிக்கக்கூடும் என்பதையும் விளக்குவது போன்றே மன்றிலும் விளக்கவேண்டுமென அவ்வுரை வேண்டிற்று. நிபுணத்துவத்தைக் குறைக்காது மொழியை எளிதாக்குவதற்கு இதனினும் சிறந்த அளவுகோல் காண்பதரிது.

இதனை எடுத்துக்காட்டொன்றால் விளக்கலாம். எதிரி மருட்சியுடன் கூடிய உளப்பிளவு நோயினர் என எழுதும் அறிக்கையைப் பயிலாதார் நம்பலாம், அல்லது நம்பாதுவிடலாம்; ஆராய இயலாது. அயலவர் தம் கிணற்றில் நஞ்சிடுகின்றனர் என எதிரி ஈராண்டுகளாக நம்பி வந்தார், அக்கிணற்று நீரைப் பருக மறுத்தார், இவற்றை அவரும் தமையனாரும் தனித்தனியே கூறினர் என எழுதும் அறிக்கையோ குறுக்கு விசாரணைக்கு இடமளிக்கின்றது. தமையனார் கூற்று உண்மையா என வினவலாம். அந்நம்பிக்கைக்கும் குற்றத்துக்கும் தொடர்புண்டா எனவும் வினவலாம்.

தெளிவு எதிரிக்குச் செய்யும் சலுகையன்று. வொஷிங்டன் வழக்கிலேயே குற்றத்தீர்ப்பு உறுதிசெய்யப்பட்டது. பிழையான கருத்தும் தெளிவாக எழுதப்படலாம். ஆயின், அவ்வாறு எழுதப்பட்ட பிழையைப் பிறர் கண்டறிய முடியும். தெளிவின் பயன் அதுவே.

1972 ஆம் ஆண்டில் புறோணர் வழக்கில் டர்ஹம் விதி கைவிடப்பட்டது. ஜனாதிபதி றீகனைச் சுட்ட ஜோன் ஹிங்லி 1982 இல் விடுவிக்கப்பட்டதன் பின்னர், 1984 ஆம் ஆண்டின் சட்டம் எதிரியின் குற்ற மனநிலை பற்றிய இறுதி முடிபைச் சமஷ்டி நீதிமன்றங்களில் நிபுணர் கூறுவதைத் தடைசெய்தது. விதிகள் மாறினும் குறை முற்றாக நீங்கவில்லை. நீதிமன்ற உளவியல் அறிக்கைகளின் குறைகளை ஆராய்ந்து தோமஸ் கிறிசோ 2010 இல் வெளியிட்ட ஆய்வு, போதிய விளக்கமின்றி முடிபுகளைக் கூறுவதை அவற்றுள் முதன்மையானதாகக் காட்டிற்று.

இலங்கையின் 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம், ஒருவரது கருத்து ஏற்புடையதாகுமிடத்து அக்கருத்துக்கான காரணங்களும் ஏற்புடையன என 51 ஆம் பிரிவிற் கூறுகின்றது. பசலன் நெடிய விளக்கவுரையால் வேண்டியதன் வித்து இச்சிறு பிரிவிலேயே உளது. எதிரி பேசும் மொழி ஒன்றாகவும் அறிக்கையின் மொழி வேறொன்றாகவும் அமையுமிடத்து இதன் தேவை இருமடங்காகின்றது. அவர் தம் துன்பத்தை உரைத்த சொற்கள் கலைச்சொல்லாக மாறி, பின்னர் மொழிபெயர்ப்பாகத் திரும்பி வரும்போது அவராலேயே அடையாளங் காணப்படாது போகலாம். தம்மைப் பற்றி எழுதப்பட்டதை விளங்கிக்கொள்ளாதவர் அதனை மறுத்துரைப்பது எவ்வாறு? நீதிபதிக்கு விளங்கும் அறிக்கை தீர்ப்புக்குத் துணைசெய்யும். எதிரிக்கும் விளங்கும் அறிக்கையே நீதிக்குத் துணைசெய்வதாகும்.