பதினெட்டரை ஹெச்.பி.யும் முப்பத்தஞ்சு ஹெச்.பி.யும்: கிருஷ்ணகிரி டிராக்டர்களின் கதை

ஓசூர் தொழிற்பேட்டை வந்த கதையைப் பேசினப்போ லேலண்ட் லாரி, டிவிஎஸ் மொபெட், டைட்டன் கைக்கடிகாரம்னு வரிசையா பார்த்தோம். ஒரு பொருளை மட்டும் வேணும்னே ஒதுக்கி வெச்சேன். அதுக்குத் தனியா ஒரு எபிசோடு வேணும்னு தோணுச்சு. அதுதான் டிராக்டர்.

பெங்களூரைச் சேர்ந்த வி.எஸ்.டி. டில்லர்ஸ் டிராக்டர்ஸ் கம்பெனியின் டிராக்டர் ஆலை ஓசூர்ல இருக்கு. அங்கே தயாராகிப் பேர் வாங்கின வண்டி மித்சுபிஷி சக்தி எம்.டி. 180டி. 18.5 குதிரைத்திறன். எடை ஒரு டன்னுக்கும் குறைவு. சின்ன நிலம், நெருக்கமான வரிசைப் பயிர், தோட்டம், இதுக்குன்னே செஞ்ச வண்டி.

இப்போ ஓசூர்ல இருந்து ராயக்கோட்டை வழியா கிருஷ்ணகிரி வரைக்கும் ஒரு தடவை பஸ்ல போய்ப் பாருங்க. எதிரே வர்ற டிராக்டர்ல இந்தக் குட்டி வண்டி எத்தனை? நான் பார்த்தவரைக்கும் ரொம்பக் குறைவு. மத்ததெல்லாம் 35, 42, 45, 50 ஹெச்.பி. வண்டிங்க. பின்னாடி டிப்பரோ தண்ணி டேங்கரோ மாட்டியிருக்கும். 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியோட சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். ரெண்டு ஏக்கர்கூட முழுசா இல்லை. சின்ன டிராக்டர் செய்யுற ஊர்லயே ரெண்டு ஏக்கர்க்காரர் நடுவுல பெரிய டிராக்டர் ஓடுதே, ஏன்? இன்னிக்கு அதைத்தான் பேசப் போறோம்.

டிராக்டருக்கு முன்னாடி இந்தப் பக்கத்தோட 'இன்ஜின்' ஹள்ளிக்கார் மாடு. எல்லைக்கு ரெண்டு பக்கமும் இதே மாடுதான். மைசூர் சேனைகளோட மூட்டை முடிச்சை இழுத்த மாட்டுக் கூட்டத்தோட உறவு இது. ஒரு ஜோடி உழவு மாட்டோட பலம் ஏறக்குறைய ஒரு ஹெச்.பி. விடியறதுக்கு முன்னாடி ஏர் பூட்டினா, வெயில் ஏறுறதுக்குள்ள அரை ஏக்கர், மண் ஈரமா இருந்தா கொஞ்சம் கூட. எங்க தாத்தா வேப்பனப்பள்ளி பக்கம் ராகியும் அவரையும் போட்டவர். அவர் சொல்வார்: ரெண்டு மாடு வெச்சுக்க வசதி இல்லாத வீடு ஒத்த மாடு வெச்சுக்கும், பக்கத்து வீட்டு ஒத்த மாட்டோட சேர்த்து ஒரே ஏர் பூட்டும், ஒரு நாள் இவங்க காடு, மறுநாள் அவங்க காடு. அந்த ஏற்பாட்டை மனசுல வெச்சுக்குங்க. பின்னாடி தேவைப்படும்.

இந்தியாவுக்குள்ள டிராக்டர் பெரிய அளவில் வந்தது சின்ன விவசாயிக்காக இல்லை. சுதந்திரம் கிடைச்ச சமயம் மத்திய டிராக்டர் நிறுவனம்னு அரசு ஒண்ணு ஆரம்பிச்சது. அமெரிக்க ராணுவம் விட்டுட்டுப் போன வண்டிகளை வெச்சு, மத்திய இந்தியாவில் நாணல் புல் மண்டிக் கிடந்த நிலங்களைத் திருத்துற வேலை. 1949ல் உலக வங்கி இந்தியாவுக்குக் கொடுத்த ரெண்டாவது கடனே இதுக்குத்தான், 1 கோடி டாலர். முதல் கடன் ரயிலுக்கு. இந்த வண்டிங்க டேங்க் மாதிரி சங்கிலிச் சக்கரத்துல ஓடுறது. நம்ம ஊர் மேட்டு நிலத்துல அதைத் திருப்பவே அரைக் காடு போயிடும்.

நமக்கு நெருக்கமான டிராக்டரோட கதை அயர்லாந்தில் தொடங்குது. ஹாரி ஃபெர்குசன்னு ஒருத்தர், விவசாயி மகன், மெக்கானிக். அப்போ டிராக்டர்னா பின்னாடி கலப்பையைச் சங்கிலி போட்டு இழுக்கணும். சக்கரம் வழுக்காம இருக்க வண்டி கனமா இருக்கணும். கலப்பை பாறையில் மாட்டினா வண்டியோட மூக்கு மேலே தூக்கி, பின்பக்கமா கவிழும். ஓட்டுறவர் அடியில். ஃபெர்குசன் மூணு கைப்பிடியில் கலப்பையை வண்டியோட உடம்பாவே ஆக்கிட்டார். மண்ணு கலப்பையை எவ்வளவு இழுக்குதோ அந்தப் பாரம் பின் சக்கரத்தை அழுத்தும். அதனால இலேசான வண்டியே கனமான வண்டியோட வேலையைச் செய்யும். பாறையில் மாட்டினா சக்கரம் வழுக்கி நின்னுடும், கவிழாது. இன்னிக்கு நம்ம ஊர் டிராக்டர் எல்லாத்துக்கும் பின்னாடி இருக்கிற அந்த மூணு கை அவரோடதுதான். கல்லுக்காட்டுல உழுகிற கிருஷ்ணகிரிக்காரருக்கு அந்த ஆளு ஒரு வகையில் குலசாமி.

1946ல் வந்த அவரோட சாம்பல் நிற டி.ஈ. 20 வண்டி அஞ்சு லட்சத்துக்கு மேல வித்தது. அதோட வாரிசு ஃபெர்குசன் 35. கம்பெனி மாசி-ஹாரிஸோட சேர்ந்த பிறகு அதுவே மாசி ஃபெர்குசன் 35 ஆச்சு. இங்கிலாந்தில் அது சின்னப் பண்ணைக்கான வண்டி. குதிரையை விட்டு இறங்கின குடும்பம் முதல்ல வாங்குற வண்டி.

1960ல் சென்னையில் டாஃபே ஆரம்பிச்சாங்க. அமால்கமேஷன்ஸ் குழுமமும் மாசி ஃபெர்குசனும் சேர்ந்து. செம்பியத்துல ஆலை. அதே குழுமத்தோட சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் உரிமத்துல டீசல் இன்ஜின் செஞ்சுக்கிட்டிருந்தது. சேசிஸ் ஒரு பக்கம், இன்ஜின் பக்கத்துலயே. கடல் தாண்டினதும் அளவுக்கு அர்த்தமே மாறிடுச்சு. அங்கே சின்னப் பண்ணைக்கான 35 ஹெச்.பி., இங்கே பண்ணையார் வண்டி. முதல்ல கைக்குக் கிடைச்சது அந்த அளவுதான், மெக்கானிக் பழகினது அதுலதான், ஸ்பேர் பார்ட்ஸ் கிடைச்சது அதுக்குத்தான். டிராக்டர்னா 35ங்கிற எண்ணம் இப்படித்தான் உட்கார்ந்தது. நம்ம மண்ணை அளந்து பார்த்து யாரும் அதைத் தீர்மானிக்கலை.

அரசுக்கு இது தெரியாமலும் இல்லை. 1968ல் டிராக்டர் தயாரிப்புக்கு லைசென்ஸ் தேவையில்லைன்னு ஆக்கினாங்க. 1971 வாக்கில் எச்.எம்.டி. செக்கோஸ்லோவாக்கியாவோட ஜெடார் கூட்டுல 25 ஹெச்.பி. வண்டி கொண்டுவந்தது. துர்காபூர் ஆராய்ச்சிக் கூடத்துல நம்ம ஆளுங்களே வரைஞ்ச ஸ்வராஜ், 20 ஹெச்.பி. வகையில் சின்ன விவசாயிக்குன்னு தொடங்கின திட்டம். 1974ல் ஸ்வராஜ் 724 வந்தது. அடுத்த வருஷமே அதே கம்பெனி 735 கொண்டுவந்தது. சந்தை எந்தப் பக்கம் இழுத்ததுன்னு இதுலயே தெரியும்.

நம்ம மாவட்டத்துல அந்த இழுப்புக்கு வேற காரணமும் உண்டு. முதல்ல பாறை. கிணறு ஆழப்படுத்தணும்னா டிராக்டர்ல கம்ப்ரஸர் மாட்டி, துளை போட்டு, வெடி வைக்கணும். அந்தக் கம்ப்ரஸரை ஓட்ட 35 ஹெச்.பி.யாவது வேணும். 18.5ஆல் ஆகாது. ரெண்டாவது ஓசூர். ஆலை வந்தது, ஆளு வந்தது, மனை போட்டாங்க. செங்கல், ஜல்லி, எம்-சாண்ட், அதுக்கப்புறம் தண்ணி. உழவு சீசன் வருஷத்துல ரெண்டு மாசம். டேங்கர் ஓட்டுற சீசன் கிட்டத்தட்ட முழு வருஷம். அதனால சூளகிரியிலோ பாகலூரிலோ ஒருத்தர் டிராக்டர் வாங்கும்போது அவர் மனசுல இருக்கிறது காடு இல்லை, ரோடு. அஞ்சு டன் டிப்பரை மேட்டுல இழுக்குமான்னுதான் கேட்பார்.

இதைக் குறை சொல்ல நான் யாரு? ஆனா ஒரு கணக்கு போடுவோம். ஆறு ஏக்கர் மானாவாரி வெச்சிருக்கிறவர். ஒன்பது கொத்துக் கலப்பையோட 35 ஹெச்.பி. வண்டி ஒரு ஏக்கரை ஏறக்குறைய ஒரு மணி நேரத்துல உழும். ஒரு போகத்துக்கு மூணு உழவு, வருஷம் ரெண்டு போகம்னே வெச்சுக்குங்க. ஆறு, மூணு, ரெண்டு பெருக்கினா 36 மணி நேரம். டிராக்டர் வருஷத்துக்கு 1,000 மணி நேரம் ஓடினாத்தான் கட்டுப்படியாகும்ங்கிறது வேளாண் பொறியியல்ல ரொம்ப நாளா சொல்லுற கணக்கு. மீதி 964 மணி நேரம் அடுத்தவர் காட்டிலும் ரோட்டிலும்தான் வரணும். விவசாயத்துக்குன்னு பதிவு பண்ணின வண்டி வாடகைக்குச் செங்கல் ஏத்துறது சட்டப்படி தப்பு. விபத்துன்னா இன்சூரன்ஸ் கைவிரிக்கும். பக்கத்துத் தெருவுலயே இன்னும் மூணு பேர் அதே வண்டி வாங்கிட்டா வாடகையும் சரியும். தவணை மட்டும் சரியாது. 2016 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டத்துல டிராக்டர் தவணைக்காக ஒரு விவசாயியைப் போலீஸ்காரங்க அடிச்சு இழுத்துட்டுப் போன வீடியோ நாடு பூரா பார்த்தது. அளவுங்கிறது இந்த இடத்துல வெறும் இன்ஜின் விஷயமா இருக்கலை.

சரி, சின்ன வண்டி எங்கிருந்து வந்தது? ஜப்பான்ல இருந்து. போருக்குப் பிறகு அங்கே நிலச்சீர்திருத்தம். சராசரி நிலம் ஒரு ஹெக்டேர் அளவு. ஃபெர்குசன் அளவே அவங்களுக்குப் பெரிசு. அதனால முதல்ல பின்னாடி நடந்து ஓட்டுற பவர் டில்லர், அப்புறம் 1960கள்ல ஏறி உட்கார்ந்து ஓட்டுற குட்டி டிராக்டர். வி.எஸ்.டி.ங்கிற பேர்ல இருக்கிறது வி.எஸ். திருவேங்கடசாமி முதலியார். அவர் பேரில் வளர்ந்த பெங்களூர்க் குழுமம் 1967ல் மித்சுபிஷியோட கூட்டு வெச்சு பவர் டில்லருக்கு வந்தது. அதே வழியில்தான் பின்னாடி குட்டி டிராக்டரும். அதை மகாராஷ்டிரா, குஜராத் விவசாயிங்க நல்லா பிடிச்சுக்கிட்டாங்க. திராட்சை வரிசைக்குள்ள நுழையும், பருத்தியில் களை எடுக்கும். அங்கே வண்டி வேலை பார்க்கிறது காட்டுக்குள்ள.

நம்ம பக்கம் இப்போ அந்த நிலைமை மெதுவா வருது. பழைய மாந்தோப்பு 30 அடி இடைவெளி. பெரிய வண்டி நடுவுல தாராளமா போகும், தாழ்ந்த கிளைக்குத் தலையைக் குனிஞ்சா போதும். அடர் நடவு போட்ட புதுத் தோப்புக்குள்ள அது நுழையாது. ராயக்கோட்டை தக்காளிக்காரருக்குப் பார் பிடிக்கச் சின்ன வண்டி போதும். செம்மண்ணுல கனமான வண்டி வருஷக்கணக்கா ஓடினா அடிமண் இறுகும். அப்புறம் அதை உடைக்க உளிக்கலப்பை வேணும், அதை இழுக்க இன்னும் பெரிய வண்டி வேணும்.

யாராவது என்கிட்ட எந்த அளவு வாங்கலாம்னு கேட்டா, நான் ஏக்கரை முதல்ல கேட்கிறதில்லை. எந்தக் கருவியை மாட்டப் போறீங்கன்னு கேட்பேன். ரோட்டவேட்டர்னா ஒரு அடி அகலத்துக்கு ஏழெட்டு ஹெச்.பி.ன்னு வெச்சுக்கலாம். மூணு அடிக்கு 18.5 சமாளிக்கும்னு சொல்லலாம், அஞ்சு அடிக்கு 40 பக்கம் போகணும். அடுத்து, வருஷத்துல எத்தனை மணி நேரம் நிச்சயமா ஓடும்னு கேட்பேன். 300ஐத் தாண்டலைன்னா வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்க. வேளாண் பொறியியல் துறையே உழவன் செயலி வழியா வண்டி வாடகைக்கு விடுது. இல்லைன்னா அந்த ஒத்த மாட்டுக் கதை மாதிரி, நாலு பங்காளிங்க சேர்ந்து ஒரு வண்டி. சேர்ந்து வாங்குறவங்க ஒண்ணை மட்டும் முன்கூட்டியே எழுதிக்குங்க: முதல் மழைக்கு யார் காடு முதல்ல? சண்டை வர்றது அங்கேதான்.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கு. 2023 ஜனவரி 1லிருந்து 50 ஹெச்.பி.க்கு மேலே இருக்கிற டிராக்டருக்குப் புது மாசு விதி. இன்ஜின் மாறணும், விலை ஏறும். அதனால கம்பெனிங்க 50க்குக் கீழேயே கூட்டமா நிக்கிறாங்க. நாட்டில் அதிகம் விக்கிற வகையே 41லிருந்து 50 வரைதான். ஷோரூமுக்குப் போனா முதல்ல காட்டுறதும் அதுதான். குட்டி வண்டி ஓரமா நிக்கும், கேட்டாத்தான் சாவி எடுத்துட்டு வருவாங்க. கேளுங்க.

அடுத்த எபிசோடு, 1824ல் ராணுவக் குதிரைகளுக்காக ஆரம்பிச்ச மத்திகிரி கால்நடைப் பண்ணை. சந்திப்போம்.