மேட்டூர்: அணையை ஒட்டி ஓர் ஊர்



ஜூன் பிறந்தால் டி.வி.யில் மேட்டூர் நீர்மட்டம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அணை நமக்குத் தெரியும். அணையை ஒட்டி இருக்கும் ஊரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அந்த ஊருக்கும் நம் கொல்லிமலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதற்காகவே இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் புவியியல். ஒகேனக்கல்லில் விழுந்து வரும் காவிரி, மலைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு ஓடி, சீதாமலைக்கும் பாலமலைக்கும் இடையில் சமவெளிக்கு இறங்குகிறது. அந்த வாசலில்தான் அணை கட்டியிருக்கிறார்கள். 1924-ல் சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் ஒப்பந்தம் ஆனது. 1925-ல் வேலை தொடங்கியது. 1934 ஆகஸ்ட் 21-ல் அணை திறக்கப்பட்டது. அன்றைய கவர்னர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். பொறியாளர் எல்லிஸின் பெயர் 16 கண் மதகோடு நிற்கிறது.

"214 அடி என்கிறார்கள், 120 அடி என்கிறார்கள், எது சார் சரி?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இரண்டும் சரி. அணையின் உயரம் 214 அடி, அதில் நீர் தேங்கும் உயரம் 120 அடி. கொள்ளளவு 93.47 டி.எம்.சி.

1990-களில் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனபோது, நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "சார், தண்ணி நிக்கறதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அங்கே ஊர்கள் இருந்தன, வயல் இருந்தது, கோயிலும் மாதா கோயிலும் இருந்தன. அந்த மக்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறினார்கள். கோடையில் நீர் நன்றாக இறங்கினால், பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் இன்றும் வெளியே தெரியும். அவர்கள் விட்ட நிலத்தில் நிற்கும் தண்ணீரில் தஞ்சாவூர், திருவாரூர், நாகை வயல்கள் விளைகின்றன.

அணை கட்ட வந்த ஆட்களுக்குக் கொட்டகை போட்டார்கள். வேலை முடிந்தும் பலர் திரும்பவில்லை. அங்கே ஒரு பகுதிக்கு இன்றும் 'சேலம் கேம்ப்' என்றுதான் பெயர். இப்படி நாலாபக்கத்து ஜனங்களும் சேர்ந்து உண்டான ஊர் அது.

அவர்களுக்கு அடுத்த வேலையைக் கொடுத்தது மின்சாரம். நீர் இறங்கினால் கரண்ட், கரண்ட் இருந்தால் ஆலை. 1936-லேயே சேஷசாயி சகோதரர்கள் மேட்டூர் கெமிக்கல்ஸைத் தொடங்கினார்கள். நம் மாவட்டத்துப் பள்ளிபாளையம் காகித ஆலையின் பெயரில் இருக்கும் அதே சேஷசாயிதான். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் பிரியும். காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பு இல்லை. 1967-ல் பி.வி.சி. ஆலை வந்தது. 1980-களின் கடைசியில் 840 மெகாவாட் அனல் மின் நிலையம் வந்தது, பின்னர் இன்னொரு 600 மெகாவாட் சேர்ந்தது.

இப்போது கொல்லிமலைக்கு வருகிறேன். இத்தாலியின் மான்டெகாட்டினி கூட்டுறவோடு தொடங்கிய மால்கோ அலுமினிய ஆலை 1965-ல் உற்பத்தியை ஆரம்பித்தது. அதற்கான பாக்சைட் மண் ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் போனது. எருமப்பட்டியில் வாசலில் நின்றால் தெரியும் அதே மலைதான். ஒரு டன் அலுமினியத்துக்கு நாலு டன்னுக்கு மேல் பாக்சைட் வேண்டும். ஒரு கிலோவுக்குச் சுமார் 15 யூனிட் கரண்ட் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 யூனிட் கரண்டில் 7 கிலோ அலுமினியம்கூட வராது. மேட்டூரில் ஏன் இந்த ஆலையை வைத்தார்கள் என்பதற்கு அதுவே பதில்.

மண்ணிலிருந்து அலுமினாவை எடுத்தபின் மிஞ்சுவது செஞ்சேறு. அது காரத் தன்மை உள்ளது, அதில் பயிர் விளையாது. 2008-ல் மால்கோவில் அலுமினிய உற்பத்தி நின்றது. சம்பளமும் நின்றது, சேறு மட்டும் அங்கேயே கிடக்கிறது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் தொழிற்பகுதிகளை அளந்து பட்டியல் போட்டபோது, கடுமையாக மாசுபட்ட இடங்களில் மேட்டூரும் இருந்தது.

ஆலையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சம்பளத்தில் எத்தனையோ வீடுகளில் முதல் தலைமுறைப் பிள்ளைகள் படித்து மேலே வந்திருக்கிறார்கள். நான் சொல்வது வரவு செலவுக் கணக்கு. நெல் டெல்டாவுக்குப் போனது, கரண்ட் மாநிலம் முழுக்கப் போனது, அலுமினியம் நாடு முழுக்கப் போனது. மூழ்கிய நிலமும் சாம்பலும் சேறும் அந்த ஊரின் பங்காக நின்றுவிட்டன. நம் மலையும் கொஞ்சம் கொடுத்திருக்கிறது. நாளைக்கு நம் பக்கம் ஒரு சுரங்கமோ ஆலையோ வந்தால், எத்தனை பேருக்கு வேலை என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கழிவு எங்கே போகும், ஆலை மூடினால் யார் அள்ளுவார்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்த முறை மேட்டூர் போனால், பூங்காவும் மீன் வறுவலும் முடிந்ததும், பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீரைக் காட்டி அடியில் இருந்த ஊர்களைப் பற்றிச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அணை வேலைக்கோ, ஆலைக்கோ, பாக்சைட் வெட்டவோ போன பெரியவர்கள் இருந்தால், அவர்கள் பேசும்போதே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு கேட்க ஆள் இருக்காது.

எல்லோரும் நலமாக இருங்கள்.