ப்ளஸ் டூ-வில் பிரெஞ்சு வந்த கதை

வேப்பந்தட்டை மாதிரி ஊர்களின் அரசுப் பள்ளிகளில் முதல் மொழி என்றால் தமிழ்தான். சென்னையின் பெரிய தனியார் பள்ளிகளில் கதையே வேறு. பத்தாவது வரை தமிழ் படித்தவர்கூட ப்ளஸ் ஒன்னில் பிரெஞ்சுக்குத் தாவுவார்.

பாரிஸ் ஆசையா? அட, மார்க் ஆசைங்க! அப்போது ஆறு பாடம், தலா 200, மொத்தம் 1200. பிரெஞ்சை ஆரம்பப் பாடத்திலிருந்தே தொடங்கலாம். சின்னச் சின்ன வாக்கியம், கொஞ்சம் இலக்கணம், கொட்டுகிறது மார்க். தமிழ்த் தாளிலோ செய்யுள், கட்டுரை என்று ஒவ்வொன்றிலும் திருத்துபவர் கிள்ளிக்கொண்டே வருவார். வேப்பந்தட்டைப் பிள்ளையும் இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம், பிரெஞ்சு வாத்தியார் இருந்திருந்தால்!

ஒரே ஆறுதல், மாநில முதலிடம் தமிழை முதல் மொழியாக எடுத்தவருக்குத்தான். பிரெஞ்சு, சமஸ்கிருதம் எடுத்தவர் அதிக மார்க் வாங்கினாலும் தனிப் பட்டியல்.

2006-ல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, வருடத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-ல் பத்தாவதைத் தொட்டது. அதோடு சரி. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ அதற்குள் வரவில்லை, அதாவது தாவும் வாசல் திறந்தே இருந்தது.

ரேங்க் அறிவிப்பு 2017-ல் நின்றது. 2019 ப்ளஸ் டூ தேர்வில் மொத்தம் 600 ஆனது, மொழிப் பாடமும் 100-க்கு இறங்கியது. ஆனாலும் பி.காம். சேரும்போது பகுதி 1-ல் பல கல்லூரிகள் இன்றும் அதே கேள்வியைத்தான் கேட்கின்றன: தமிழா, பிரெஞ்சா?