கன்னியாகுமரி டூ காஷ்மீர்: காரில் போக எத்தனை நாள் வேணும்? கிளம்புறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?

கன்னியாகுமரியில் கடலைப் பார்த்துவிட்டு காரைத் திருப்பினால், ஒரே ரோடு ஸ்ரீநகர் வரை போகிறது. அதுதான் என்.எச். 44. நாட்டிலேயே நீளமான தேசிய நெடுஞ்சாலை. தூரம் ஏறத்தாழ 3,700 கி.மீ. வழியில் 10-க்கும் மேற்பட்ட மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள் வந்து போகும். சொந்த காரில் குடும்பத்தோடு இந்த ரோட்டை ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்துடணும் என்ற ஆசை பலருக்கு இருக்கிறது.

ஆனால் பெரும்பாலானவர்கள் தப்பு பண்ணுவது முதல் கணக்கிலேயே. மொபைலில் மேப்பைத் திறந்து, அது காட்டும் மணி நேரத்தை 24-ஆல் வகுத்து, "ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஓட்டினா மூணே நாள்ல போயிடலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். மேப்புக்குத் தூக்கம் வராது, ஓட்டுறவருக்கு வரும். அதனால் கணக்கைத் தூக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கணும்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்?

நான்கு வழிச்சாலையில் 90, 100 என்று ஸ்பீடாமீட்டர் காட்டினாலும் டீ, சாப்பாடு, பெட்ரோல், டோல், பாலம் கட்டும் இடத்தில் டைவர்ஷன் எல்லாம் சேர்ந்தால் சராசரி வேகம் 60 கி.மீ. பக்கம்தான் நிற்கும். காலை 6 மணிக்குக் கிளம்பி மாலை 5 மணிக்குள் ரூமுக்குப் போகணும் என்றால் சமவெளியில் 500 முதல் 600 கி.மீ. என்பதே உச்சம். ஜம்முவைத் தாண்டிய மலைப்பாதையில் 250 கி.மீ.யே ஒரு நாளைச் சாப்பிட்டுவிடும்.

இந்தக் கணக்கில் போனால் பயணம் இப்படி அமையும். முதல் நாள் கன்னியாகுமரியிலிருந்து மதுரை, சேலம் வழியாக கிருஷ்ணகிரி. பெங்களூரு வரைக்கும் போயிடலாமே என்று தோணும். ஆனால் 600 கி.மீ. ஓட்டிய களைப்போடு சாயங்கால நேரத்தில் பெங்களூரு டிராஃபிக்கில் மாட்டினால் அந்த நாளே வீண். கிருஷ்ணகிரியில் தூங்கிவிட்டு விடியற்காலையில் பெங்களூருவைக் கடப்பதுதான் புத்திசாலித்தனம். அன்று இரவு கர்னூல். மூன்றாம் நாள் ஹைதராபாத் ஊருக்குள் போகாமல் அவுட்டர் ரிங் ரோட்டில் சுற்றி அடிலாபாத். நான்காம் நாள் நாக்பூர், சிவனி தாண்டி சாகர். ஐந்தாம் நாள் ஜான்சி, குவாலியர் வழியாக ஆக்ரா. இது 400 கி.மீ. சொச்சம்தான். உடம்புக்கு ஓய்வு, குழந்தைகளுக்கு தாஜ்மஹால். ஆறாம் நாள் டெல்லிக்குள் நுழையாமல் பல்வலில் திரும்பி, கிழக்கு புற எக்ஸ்பிரஸ்வே வழியாக குண்ட்லியில் ஏறி ஜலந்தர். ஏழாம் நாள் உதம்பூர். எட்டாம் நாள் ஸ்ரீநகர்.

ஆக, போக 8 நாள், வர 8 நாள். அங்கே மூன்று நாள் தங்கி, வழியில் எதற்கும் இரண்டு நாள் உபரியாக வைத்தால் மொத்தம் 21 நாள். ஆபீஸில் லீவு கேட்கும்போது இந்த எண்ணைத்தான் சொல்லணும்.

ராத்திரி ஓட்டினா டிராஃபிக் இருக்காதே?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 61,038 பேர் தேசிய நெடுஞ்சாலைகளில் இறந்தவர்கள். நாட்டின் மொத்த சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு சுமார் 2 சதவீதம்தான் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கணும்.

ராத்திரி 2 மணி முதல் 6 மணி வரை மனித உடம்பு தூங்கியே ஆகணும் என்று கேட்கும் நேரம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 2 முதல் 4 வரை இன்னொரு மந்தம் வரும். கண் முழுசா மூட வேண்டியதுகூட இல்லை. மூன்று, நாலு வினாடி மூளை மட்டும் அணைந்துவிட்டு திரும்ப வரும். 90 கி.மீ. வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. நாலு வினாடி என்றால் 100 மீட்டர். அவ்வளவு தூரத்துக்கு வண்டியை ஓட்ட ஆளே இல்லை என்று அர்த்தம்.

அந்த 100 மீட்டருக்குள் என்ன இருக்கும்? ரோட்டோரம் பின்பக்க லைட் எரியாமல் நிற்கும் லாரி, ராங் சைடில் வரும் டிராக்டர், மத்தியப் பிரதேசப் பக்கம் போனால் நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு. பகலில் அரை கிலோமீட்டர் முன்னாடியே தெரியும் இதெல்லாம், ராத்திரி ஹெட்லைட் வெளிச்சத்துக்குள் வந்த பிறகுதான் தெரியும்.

ஏசியைக் கூட்டுறது, கண்ணாடியை இறக்குறது, சத்தமாகப் பாட்டு வைக்குறது, முகத்தில் தண்ணீர் அடிக்குறது... இதெல்லாம் கொஞ்ச நேரத்துக்கு முழிப்பு வந்த மாதிரி காட்டும், அவ்வளவுதான். கொட்டாவி அடுக்கடுக்காக வந்தாலோ, கடைசியாகத் தாண்டிய ஊர் பேர் ஞாபகம் வரலைன்னாலோ வண்டியை நிறுத்தணும். பெட்ரோல் பங்க், தாபா மாதிரி வெளிச்சமான இடத்தில், ரோட்டோரத்தில் இல்லை. ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிஷம் தூங்கலாம். காபி வேலை செய்யத் தொடங்க கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஆகும் என்பதால், எழும்போது இரண்டும் சேர்ந்து கை கொடுக்கும். ஆனாலும் அது ரூம் வரைக்கும் போய்ச் சேரத்தான், விடிய விடிய ஓட்டுறதுக்கு இல்லை.

ரெண்டு பேர் ஓட்டத் தெரிந்தவர்கள் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஓடும் காரில் பின் சீட்டில் தூங்குவது படுக்கையில் தூங்கியதுக்கு ஈடாகாது. "நீ தூங்கு, நான் ஓட்டுறேன்" என்று 24 மணி நேரமும் போகும் திட்டம் இரண்டாம் நாளே ரெண்டு பேரையும் சேர்த்துச் சோர்வாக்கிவிடும்.

எந்த மாசம் போகலாம்?

செப்டம்பர் கடைசியில் கிளம்பினால் நல்லது, அக்டோபரும் பரவாயில்லை. ஏப்ரல், மே மாதங்களில் தெலங்கானா, விதர்பா வெயில் காருக்கும் ஆளுக்கும் சோதனை. நாக்பூர் பக்கம் 45 டிகிரியைத் தொடும். ஜூலை, ஆகஸ்டில் ஜம்மு மலைப்பாதையில் நிலச்சரிவு பயம், கூடவே அமர்நாத் யாத்திரைக்கான போக்குவரத்துக் கட்டுப்பாடு. டிசம்பர், ஜனவரியில் குவாலியர் தாண்டினதுமே பனிமூட்டம். பஞ்சாபில் சில காலைகளில் பத்தடி தூரம்கூடத் தெரியாது. டெல்லி சுற்றுவட்டாரத்தில் காற்று மாசு அதிகமானால் பிஎஸ் 3 பெட்ரோல், பிஎஸ் 4 டீசல் கார்களுக்குத் தடை போடுவதும் இந்தக் குளிர்காலத்தில்தான். ஸ்கூல் லீவை மட்டும் பார்த்து தேதி குறிப்பவர்கள் மே மாதத்தில் போய் மாட்டுகிறார்கள்.

டயரில் இந்த நாலு எண்ணைப் பாருங்க

போக வர கிட்டத்தட்ட 7,500 கி.மீ. பல கார்களுக்கு 10,000 கி.மீ.க்கு ஒரு சர்வீஸ். கடைசி சர்வீஸுக்குப் பிறகு ஏற்கெனவே 4,000 ஓடியிருந்தால் அடுத்த சர்வீஸ் நடுவழியில் வந்து நிற்கும். அதனால் கிளம்புவதற்கு 10 நாள் முன்பே சர்வீஸை முடித்துவிடணும். முந்தின நாள் சர்வீஸ் விட்டு எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்புவது தப்பு. சரியாக முறுக்காத நட்டு, லேசான ஆயில் கசிவு எல்லாம் 100 கி.மீ. ஓட்டினால்தான் தெரியும். உள்ளூரிலேயே ஓட்டிப் பார்த்து சரி செய்துகொள்ள அந்தப் பத்து நாள் வேணும். பிரேக் பேட், கூலன்ட், வைப்பர், மூன்று வருஷம் தாண்டிய பேட்டரி ஆகியவற்றைக் கேட்டுப் பார்க்கச் சொல்லணும்.

டயரை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடாமல் நீங்களே குனிந்து பார்க்கணும். பக்கச்சுவரில் டாட் என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசியில் நாலு இலக்க எண் இருக்கும். 3521 என்றால் 2021-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் தயாரானது. அதிகம் ஓடாத காரில் டயர் பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் ரப்பர் வயசாகி வெடிப்பு விட்டிருக்கலாம். பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் சட்டப்படியே அது ஓடக் கூடாத டயர்.

இன்னொரு பழைய நம்பிக்கை உண்டு. வெயில் காலத்தில் லாங் டிரைவ் போனால் காற்றைக் குறைத்து வைக்கணும், இல்லைன்னா வெடிச்சுடும் என்பார்கள். நிஜம் நேர்மாறு. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக நசுங்கி நிமிர்வதால்தான் சூடேறுகிறது. டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் ஆள், லக்கேஜ் முழுசாக இருக்கும்போது எவ்வளவு காற்று என்று தனியாகப் போட்டிருக்கும். அந்த அளவை, காலையில் வண்டி ஓடுவதற்கு முன் டயர் ஆறியிருக்கும்போது பிடிக்கணும். மீறி டயர் வெடித்துவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஸ்டீயரிங்கை ரெண்டு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விடணும்.

டிக்கியையும் திறந்து பாருங்க. பல புது கார்களில் ஸ்டெப்னி சின்ன சைஸில்தான் வருகிறது. அதைப் போட்டால் 80 கி.மீ.க்கு மேல் போக முடியாது. சில மாடல்களில் ஸ்டெப்னியே கிடையாது, பஞ்சர் கிட் மட்டும்தான். ஜாக்கி, வீல் ஸ்பேனர் இருக்கா என்பதை வீட்டு வாசலில் பார்ப்பது நல்லது, அடிலாபாத் காட்டுப்பாதையில் இல்லை.

டோல், பேப்பர், சிம் கார்டு

சொந்த உபயோக கார்களுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் இருக்கிறது. அறிமுகமானபோது கட்டணம் 3,000 ரூபாய். 200 முறை அல்லது ஒரு வருஷம், எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். கணக்குப் போட்டால் ஒரு டோலுக்கு 15 ரூபாய். இந்தப் பயணத்துக்கு அது கட்டாயம் லாபம். ஆனால் தேசிய நெடுஞ்சாலை, தேசிய எக்ஸ்பிரஸ்வே டோல்களில் மட்டுமே செல்லும். ஹைதராபாத் அவுட்டர் ரிங் ரோடு மாதிரி இடங்களுக்கு ஃபாஸ்டேக்கில் தனியாகப் பணம் இருக்கணும். ஃபாஸ்டேக் வேலை செய்யாமல் ரொக்கம் கொடுத்தால் இரண்டு மடங்கு, யுபிஐ என்றால் ஒன்றேகால் மடங்கு என்ற விதி 2025 நவம்பர் 15-ல் வந்தது.

ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்று நாலும் டிஜிலாக்கரில் இருந்தால் செல்லும். இருந்தாலும் நகல் ஒன்று வண்டியில் கிடக்கட்டும். இன்சூரன்ஸ் முடியும் தேதி பயணத்தின் நடுவில் வருதா என்று பாருங்க.

பலர் கோட்டை விடுவது சிம் கார்டில். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீருக்குள் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேலை செய்யும். சிம் நின்றால் போன் மட்டுமா நிற்கும்? யுபிஐ, வங்கி ஓடிபி, மேப், ஹோட்டல் புக்கிங் எல்லாமே நிற்கும். காரில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கணும். கிளம்பும் அன்று மாற்ற முடியாது, முன்கூட்டியே மாற்றி வைக்கணும். கையில் கொஞ்சம் ரொக்கமும் வேணும்.

பெட்ரோல் செலவு? லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் கார் என்றால் ஒரு வழிக்கு சுமார் 250 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 25,000, போய்வர 50,000 ரூபாய்.

வழியில் வண்டி நின்றாலோ விபத்து என்றாலோ தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033, அவசரத்துக்கு 112. சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய்க்குள் கட்டணமில்லா சிகிச்சை தரும் மத்திய அரசுத் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கையானது. வெளிமாநிலத்தில் இருக்கும்போது இது பலருக்கு ஞாபகம் வருவதில்லை.

ஜம்முவுக்கு மேல என்ன நடக்கும்?

செனானி - நஷ்ரி சுரங்கம் 2017-லும், பனிஹால் - காசிகுண்ட் சுரங்கம் 2021-லும் திறந்த பிறகு தூரமும் நேரமும் குறைந்துவிட்டது. சிக்கல் இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கும் ராம்பன் பகுதியில். 2025 ஏப்ரலில் ராம்பனில் கொட்டிய மழையில் ரோடே அடித்துப் போய் போக்குவரத்து நாள் கணக்கில் நின்றது. ஆகஸ்ட் மழைக்குப் பிறகு உதம்பூர் பக்கம் மறுபடி அதே கதை. ஜம்மு காஷ்மீர் போக்குவரத்து போலீஸ் தினமும் எந்த வழி திறந்திருக்கு என்று அறிவிப்பு வெளியிடுகிறது. உதம்பூரில் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கணும். 21 நாளில் அந்த இரண்டு உபரி நாள் இதுக்காகத்தான்.

இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்கணும். திரும்பி வரும்போது தர்மபுரி தாண்டி தொப்பூர் இறக்கத்திலும் இதே கவனம் வேணும். வீடு கிட்ட வந்தாச்சு என்று வேகம் எடுக்கும் இடம் அது.

அப்படியே லே வரை போயிடலாமா என்றால், அது வேற திட்டம். வழியில் இருக்கும் சோஜிலா கணவாய் 11,500 அடி உயரம். மூச்சுத்திணறல், பனி, ரோடு மூடல் எல்லாம் தனிக் கணக்கு.

21 நாள் லீவு கிடைக்கலையா? 10 நாள்தான் என்றால் ஹைதராபாத், நாக்பூர், பென்ச் புலிகள் காப்பகம் வரை நிதானமாகப் போய்த் திரும்பலாம். காஷ்மீர்தான் வேணும் என்பவர்களுக்கு கன்னியாகுமரியிலிருந்து வாரம் ஒருமுறை கட்ரா வரை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் போகிறது. அங்கிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூனில் தொடங்கிய வந்தே பாரத் ரயில் இருக்கிறது.