லோக்கல் பிராஞ்சை யார் நகர்த்துவது?

எங்கள் டீமுக்காக ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். லோக்கல் ரெப்போவில் இருக்கிற எல்லா பிராஞ்சுகளையும் சர்வரோடு ஒத்திசைக்கும், அவ்வளவுதான். அதற்கு ஆவணம் எழுத உட்கார்ந்தபோது, "எப்படி ஓட்டுவது" என்ற பகுதி பத்து வரியில் முடிந்துவிட்டது. "இதை ஏன் செய்யாது" என்ற பகுதிதான் நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு "ஏன்"-க்கும் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. அதனால் அதைத் தனியாக இங்கே எழுதிவிடுகிறேன்.

1982-இல் வால்டர் டிக்கி பர்டூ பல்கலைக்கழகத்தில் ஆர்.சி.எஸ். செய்தார். அதில் ஒத்திசைவு என்ற பிரச்சினையே எழாது. ஒரு ஃபைலைத் திருத்தணும்னா பூட்டுப் போட்டுத்தான் எடுக்கணும். நீங்கள் திருப்பித் தரும் வரை மற்றவர் காத்திருக்கணும். நூலகத்தில் ஒரே பிரதி உள்ள புத்தகம் மாதிரி.

இது ஆம்ஸ்டர்டாமில் உடைந்தது. விரிஜே பல்கலைக்கழகத்தில் டிக் க்ரூனே தன் இரண்டு மாணவர்களோடு ஒரு சி கம்பைலர் எழுதிக்கொண்டிருந்தார். காலம் 1984-85. ஒரு மாணவர் ஒன்பது மணி முதல் ஐந்து மணி வரை ஒழுங்காக வேலை செய்கிறவர். இன்னொருவருக்கு நேரம் காலம் கிடையாது. க்ரூனேவுக்கு மாலையில்தான் நேரம் கிடைக்கும். காலையில் ஒருவர் போட்ட பூட்டு மாலை வேலையைக் கெடுத்துவிடும். அதனால் ஆர்.சி.எஸ்.ஸின் மேல் ஷெல் ஸ்கிரிப்டுகளை எழுதினார். ஆளுக்கொரு பிரதி, அவரவர் வேகத்தில் திருத்தலாம், பிறகு இணைத்துக்கொள்ளலாம். 1986-இல் அதைப் பொதுவில் வெளியிட்டார். அதுதான் சி.வி.எஸ். என் பார்வையில், ஒத்திசைக்கும் கருவிகள் எல்லாவற்றுக்கும் பாட்டன் அந்த ஸ்கிரிப்டுகள்தான். மூன்று பேரின் கடிகாரம் ஒத்துப்போகாததால் பிறந்த கருவி!

ஆனால் சி.வி.எஸ்.ஸில் ஒரு சங்கடம் உண்டு. "அப்டேட்" கொடுத்தால், நீங்கள் இன்னும் கமிட் செய்யாத ஃபைலுக்குள்ளேயே மற்றவரின் மாற்றங்களைக் கொண்டுவந்து கலந்துவிடும். முதலில் கலப்பு, பிறகுதான் கமிட். பாதி வேலையில் இருக்கிறவனுக்கு இது எவ்வளவு எரிச்சல் என்று அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கிட் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டது: முதலில் கமிட், பிறகு கலப்பு. லினக்ஸ் கெர்னலுக்குப் பிட்கீப்பரின் இலவச உரிமம் கைவிட்டுப் போனதும், 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் சில நாட்களில் எழுதிய கதை எல்லாருக்கும் தெரிந்ததே, அதற்குள் போகவில்லை. நமக்கு வேண்டியது ஒரே விஷயம்: கிட்டில் பிராஞ்ச் என்பது ஒரு குட்டி ஃபைல். உள்ளே 40 எழுத்தில் ஒரு கமிட்டின் அடையாளம். பிராஞ்சை நகர்த்துவது என்றால் அந்த 40 எழுத்தை மாற்றுவது, அவ்வளவே. இவ்வளவு சுலபம் என்பதுதான் ஆபத்தும். பழைய அடையாளத்தை அழித்துப் புதியதை எழுதினால், பழையதில் மட்டும் இருந்த வேலைக்குப் போகும் வழி தெரியாமல் போய்விடும்.

இதற்குக் கிட்டின் பதில் "ஃபாஸ்ட் ஃபார்வர்ட்" விதி. புதிய கமிட்டிலிருந்து பின்னோக்கி நடந்தால் பழைய கமிட் வழியில் வரணும். வந்தால் எதுவும் தொலையாது, தைரியமாக நகர்த்தலாம். வராவிட்டால் இரண்டு பக்கமும் தனித்தனியாக வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே மனிதன்தான் முடிவெடுக்கணும்.

அடுத்த நல்ல மாற்றம் 2007 பிப்ரவரியில், 1.5.0 பதிப்பில் வந்தது. அதற்கு முன்பு குளோன் செய்தால் சர்வரின் பிராஞ்சுகளும் உங்களுடையவையும் ஒரே இடத்தில் கிடக்கும். "ஒரிஜின்" என்றே ஒரு பிராஞ்ச் இருக்கும், அதில் கை வைக்கக்கூடாது என்பது நீங்களாகக் காக்க வேண்டிய ஒழுக்கம். 1.5.0-க்குப் பிறகு சர்வரின் நிலை தனி அறைக்குப் போனது. "ஃபெட்ச்" அந்த அறையை மட்டும் தொடும், உங்கள் பிராஞ்சைத் தொடாது.

அப்படியானால் உங்கள் பிராஞ்சை யார் நகர்த்துவது? "புல்" செய்யும், ஆனால் நீங்கள் நிற்கிற பிராஞ்சை மட்டும். வரலாறு பிரிந்திருந்தால் கேட்காமலே ஒரு மெர்ஜ் கமிட்டும் போடும். பலரிடமிருந்து வாங்கி ஒன்றுசேர்க்கிற லினஸுக்கு அது சரியான இயல்பு. தினமும் காலையில் அப்டேட் எடுக்கிற நமக்கு அது குப்பை. 2020-இல்தான் 2.27 பதிப்பு இதை எச்சரிக்க ஆரம்பித்தது. 2021 முதல், பிரிந்திருந்தால் "எப்படி இணைப்பது, சொல்லு" என்று நின்றுவிடுகிறது. பதினைந்து வருஷம் ஆயிருக்கு!

மீதிப் பிராஞ்சுகளுக்காகத்தான் வெளியிலிருந்து கருவிகள் வந்தன. கிட்ஹப்பின் "ஹப்" கருவியில் இருந்த "சிங்க்" கட்டளை எனக்கு மிகவும் பிடித்தது. பின்தங்கிய பிராஞ்சை ஃபாஸ்ட் ஃபார்வர்ட் செய்யும். அனுப்பாத வேலை இருந்தால் எச்சரித்து விட்டுவிடும். மெர்ஜ் ஆகி, சர்வரிலும் நீக்கப்பட்டிருந்தால் லோக்கலிலும் நீக்கும். "கிட்-அப்" என்ற இன்னொரு கருவி எல்லா பிராஞ்சையும் ரீபேஸ் செய்தது. வசதிதான். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருக்காத பிராஞ்சின் கமிட்டுகளை ஒரு கருவி திருப்பி எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கான்ஃப்ளிக்ட் வராமலே கோட் உடையலாம். என் ஸ்கிரிப்ட் ரீபேஸ் செய்யாததற்கு இதுதான் காரணம்.

ஹப்பின் மூன்றாவது விதியில் இன்று ஒரு சிக்கல். பல டீம்களில் "ஸ்குவாஷ் மெர்ஜ்" வழக்கமாகிவிட்டது. உங்கள் ஏழு கமிட்டும் ஒன்றாகச் சுருங்கி, புது அடையாளத்தோடு மெயினில் சேரும். பழைய ஏழும் மெயினின் முன்னோர் வரிசையில் இருக்காது. எனவே வம்சாவளியை மட்டும் பார்க்கிற கருவிக்கு அந்த பிராஞ்ச் மெர்ஜ் ஆனதா, கைவிடப்பட்டதா என்று தெரியாது. சர்வரில் நீக்கப்பட்டுவிட்டது என்பதை மட்டும் வைத்து லோக்கலில் அழித்தால், என்றாவது ஒருநாள் யாருடைய ஒரு வார உழைப்போ போகும். பிராஞ்சை அழித்தால் அதற்கான ரெஃப்லாகும் சேர்ந்தே போய்விடும். ஹெட்டின் ரெஃப்லாகில் தேடிப்பிடிக்கலாம்தான். ஆனால் எந்த கமிட் என்று நினைவிருக்கணுமே?

அதனால் இந்த இடத்தில் ஸ்கிரிப்ட் தானாக அழிக்காது. பெயரையும், அந்த 40 எழுத்தையும், கடைசி கமிட்டின் தேதியையும் திரையில் காட்டி ஆம்/இல்லை கேட்கும். "எல்லாத்துக்கும் ஆம்" என்று ஒரு ஆப்ஷன் வேணும்னு டீமில் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இன்னும் சேர்க்கவில்லை.